அத்தானை வெறுக்கிறேன், திருவிருந்துக்குப் போகலாமா?

கேள்வி:

அன்புள்ள ஐயா, எனக்கு 34 வயது. தென் மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். என் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி 11 வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். அவளை அவன் அடிக்கிறான். போன நவம்பரில் இடது கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். வெளியே அவன் நல்ல மனுஷன். பாடகர் குழு, சபைக் கமிட்டி எல்லாவற்றிலும் இருக்கிறான். அங்குள்ள குருவானவர் 3 தடவை உட்காரவைத்துப் பேசி, ஜெபம் பண்ணி, அக்காவைத் திருப்பி அனுப்பினார். "தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார்" என்று, விவாகரத்து கூடாது என்ற அர்த்தத்தில், அவளிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "உன் முகத்திலேயே வெறுப்பு தெரிகிறது. வெறுப்பு பாவம், முதலில் மன்னித்துவிட்டு வா" என்றார். அன்றிலிருந்து நான் சபையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் போகவில்லை. 4 மாதம் ஆகிறது. ஆள் வைத்து அவன் கையையும் முறிக்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் காலேஜ் படித்தபோது ஃபீஸ் கட்டியதும் அத்தான்தான். அது வேறு நெஞ்சை அறுக்கிறது. இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். என் மனைவி என்னிடம் பேசவே யோசிக்கிறாள். கிறிஸ்தவன் எதையாவது வெறுக்கலாமா? செய்கிற காரியத்தை மட்டும் வெறுத்து ஆளை வெறுக்காமல் இருப்பது நடக்கிற விஷயமா? ஈஸ்டருக்கு அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகவா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்து நாலைந்து தடவை படித்தேன். கடிதம் முழுக்க அவரை "அவன்" என்றே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு இடத்தில், காலேஜ் ஃபீஸ் கட்டியதைச் சொல்லும்போது, "அத்தான்" என்று வந்துவிட்டது. அதைப் பிறகு பேசுகிறேன்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். வெறுக்கலாமா என்று அனுமதி கேட்பதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். வேதம் அதைக் கட்டளையாகவே கொடுத்திருக்கிறது. ரோமர் 12:9: "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக, தீமையை வெறுத்து, நன்மையைப் பற்றிக்கொண்டிருங்கள்." கல்யாண வீட்டிலும் சுவர் காலண்டரிலும் இந்த வசனத்தின் முதல் துண்டை மட்டும்தான் பார்த்திருப்போம். பவுலோ மூன்றையும் ஒரே மூச்சில் எழுதுகிறார். "மாயமற்ற" என்றால் வேஷம் போடாத என்று அர்த்தம். வேஷம் போடாத அன்பு எப்படி இருக்கும் என்று சொல்லவரும்போது, அவர் வாயில் முதலில் வருவது தீமையை வெறுப்பதுதான். அந்த இடத்தில் அவர் எழுதிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. சாதாரணமாக "பிடிக்கவில்லை" என்று சொல்கிற வெறுப்பைவிடப் பலமான சொல். அழுகிப்போனதைப் பார்த்து உடம்பே பின்வாங்குமே, அந்த மாதிரி அருவருப்பு.

ஆகவே, அக்காவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபோது உங்கள் வயிறு கலங்கியது பாவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கலங்காமல் இருந்திருந்தால்தான் நான் உங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன். அக்கா மேல் உங்களுக்கு இருக்கிற பாசம்தான், அவளை முறிக்கிற கையைக் கண்டதும் வெறுப்பாக மாறி நிற்கிறது.

"கர்த்தரில் அன்புகூருகிறவர்களே, தீமையை வெறுத்துவிடுங்கள்" என்கிறது 97ஆம் சங்கீதம். அங்கேயும் அன்பும் வெறுப்பும் ஒரே வரியில். ஆனால் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது ஆமோஸ் தீர்க்கதரிசி. தெக்கோவா ஊர்க்காரன், மந்தை மேய்த்துக் காட்டத்திப் பழம் பொறுக்கிப் பிழைத்தவன். ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிறீர்களே என்று பணக்காரர்களைப் பார்த்துக் கேட்டவன். அவன் சொல்கிறான்: "நீங்கள் தீமையை வெறுத்து, நன்மையை விரும்பி, ஒலிமுகவாசலில் நியாயத்தை நிலைப்படுத்துங்கள்" (5:15). ஒலிமுகவாசல் என்பது அந்தக் காலத்து ஊர் வாசல். மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குக் கேட்ட இடம். இன்றைக்கு நாம் கோர்ட் என்று சொல்கிறோமே, அதுதான். தீமையை வெறுங்கள் என்று சொன்ன அதே வாக்கியத்தில், அந்த வெறுப்பு போய்ச் சேரவேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறான். நெஞ்சுக்குள்ளேயே போட்டு வைத்தால் அது புளித்துப்போகும். தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனால் ரத்தம் சிந்தும். நாலு பேர் முன்னால் சாட்சி சொல்லி நியாயம் கேட்கிற இடத்துக்குத்தான் அதைக் கொண்டுபோக வேண்டும். உங்களுடையது 4 மாதமாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. அதனால்தான் வீட்டில் உங்கள் மனைவிமேல் வழிகிறது.

இப்போது அக்காவிடம் சொல்லப்பட்ட வசனத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்பது மல்கியா 2:16இன் முதல் பாதி. வேதத்தை எடுத்து அந்த வசனத்தை முடிவுவரை வாசியுங்கள். கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றிய பேச்சு அடுத்த துண்டிலேயே வருகிறது. இரண்டு வசனம் முன்னால் போனால், இளவயதில் கைபிடித்த மனைவிக்குத் துரோகம் பண்ணின ஆண்களைத்தான் தீர்க்கதரிசி பிடித்து உலுக்குகிறார் என்பது தெரியும். பலிபீடத்தைக் கண்ணீரால் நிரப்பினாலும் உங்கள் காணிக்கை ஏற்கப்படவில்லை, காரணம் இதுதான் என்று அவர்களிடம் சொல்கிறார். மனைவிகளுக்குப் பாதுகாப்பாக, புருஷர்களைப் பார்த்துப் பேசின வசனம் அது. அதைத் திருப்பி, கை முறிந்து உட்கார்ந்திருந்த பெண்ணை நோக்கிப் பிடித்திருக்கிறார்கள். 1 பேதுரு 3ஐயும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், வழக்கமாகச் சொல்வார்கள். அந்த அதிகாரத்தின் 7ஆம் வசனம் புருஷர்களுக்கு. மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் உன் ஜெபத்துக்கே தடை வரும் என்கிறது. அத்தான் பாடகர் குழுவில் நின்று பாடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வசனத்தை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா?

அந்தக் குருவானவரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நானும் அதைச் செய்திருக்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு சேகரத்தில், ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தார். என் மனைவி அவருக்குச் சாப்பாடு போட்டாள். நான் புருஷனைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் வந்து அழுதார், முழங்கால் போட்டார், நானும் அவர்களோடு முழங்கால் போட்டு ஜெபித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிஜமாகவே நம்பி, இருவரையும் சேர்த்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. அப்புறம் அவர் என்னிடம் வரவே இல்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. புருஷன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை, அன்று அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் செய்த காரியத்தையும் நான் வெறுக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. வெறுத்திருந்தால், அந்தப் பெண்ணை அன்று ராத்திரி வேறு வீட்டில் தங்கவைத்திருப்பேன். அவர் அழுத அழுகையை நம்புவதற்கு முன்னால் ஆறு மாதம் கவனித்திருப்பேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. செயலை வெறுத்து ஆளை வெறுக்காமல் இருப்பது.

தமிழில் நமக்கு வெறுப்பு என்றும் பகை என்றும் இரண்டு சொல் இருக்கிறது. வெறுப்பு எதன்மேல் வேண்டுமானாலும் வரும். ஒரு வாசனையை வெறுக்கலாம், ஒரு பழக்கத்தை வெறுக்கலாம். பகைக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். ரோமர் 12இல் "தீமையை வெறுத்து" என்று மொழிபெயர்த்தவர்கள், 1 யோவான் 3:15இல் "தன் சகோதரனைப் பகைக்கிற எவனும் மனுஷகொலைபாதகனாயிருக்கிறான்" என்று எழுதினார்கள். வேதம் முழுவதும் இந்தப் பிரிவு இப்படியே நிற்கிறது என்று நான் சொல்லமாட்டேன், நிற்காத இடங்களும் உண்டு. ஆனாலும் உங்கள் மனதைச் சோதித்துப் பார்க்க இது உதவும். உங்களிடம் இருப்பது வெறுப்பா, பகையா?

ஒன்று செய்து பாருங்கள். நாளைக் காலையில் அக்கா போன் செய்து, "அவர் மாறிவிட்டார், தானாகவே போய் ஆலோசகரைப் பார்க்கிறார், செய்ததை உன்னிடமும் சபையிடமும் ஒத்துக்கொள்கிறேன் என்கிறார், ஒரு வருடமாக என்மேல் கை படவில்லை" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு உங்களுக்கு நிம்மதி வருமா, ஏமாற்றம் வருமா? தீமையை வெறுக்கிறவனுக்கு அது நின்றுபோனால் போதும். பகைக்கிறவனுக்கு எதிராளி கெட்டவனாகவே தொடர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் பிடித்திருந்த கத்திக்கு வேலை இல்லாமல் போகும். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்து வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். ஆனால் அந்த ஒரு இடத்தில் "அத்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்து எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஃபீஸ் கட்டிய கையும் எலும்பை முறித்த கையும் ஒன்றாக இருப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது என்கிறீர்கள். அவரை முழுக்கப் பகைத்துவிட்டவருக்கு அந்த வலி இருக்காது. மாற்கு 3:5இல் இயேசு ஜெபஆலயத்தில் சூம்பின கையோடு நின்றவனைக் குணமாக்கப் போகிறார். குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருந்தவர்களைக் கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அதே வசனத்தில், அவர்கள் இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டார் என்றும் இருக்கிறது. கோபத்தோடு துக்கமும் இருந்தது. உங்களிடமும் இரண்டும் இருக்கிறது. துக்கத்தை விட்டுவிடாதீர்கள். அது இருக்கும்வரை கோபம் பகையாக உறைந்துபோகாது.

"பாவத்தை வெறு, பாவியை வெறுக்காதே" என்று எல்லோரும் சொல்கிறோம். காந்தியடிகளும் சுயசரிதையில் இதை எடுத்துச் சொல்லி, புரிந்துகொள்வது எளிது, கடைப்பிடிப்பதோ அரிது என்கிறார். ஆனால் சபைகளில் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் எல்லாவற்றையும் அமுக்குகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து பிஷப்பாக இருந்த அகுஸ்தீன், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கன்னியர் சமூகத்துக்கு எழுதிய கடிதத்தில் கிட்டத்தட்ட இந்தச் சொற்கள் வருகின்றன. ஆட்கள்மேல் அன்போடும் குற்றங்கள்மேல் வெறுப்போடும் நடந்துகொள்ளுங்கள் என்கிறார். அவர் அங்கே பேசிக்கொண்டிருந்தது ஒரு சகோதரி தப்பு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி. தனியாகச் சொல், கேட்காவிட்டால் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் காட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் கொண்டுபோ என்கிறார். உடம்பில் புண்ணை வைத்துக்கொண்டு, அறுத்துவிடுவார்களே என்று பயந்து மறைக்கிறவளைப் பார்த்து நீ சும்மா இருந்தால் அது கொடுமை, வெளியே சொன்னால்தான் இரக்கம் என்றும் எழுதுகிறார். மூடி வைப்பதற்காக இன்று நாம் சொல்கிற வாக்கியம், மூடாதே என்று சொல்வதற்காக எழுதப்பட்டது.

அதனால், அத்தானை வெறுக்காமல் இருப்பது என்றால் அவர் செய்ததைப் பேசாமல் இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய நல்ல பெயரைக் காப்பாற்றுவது அவருக்குச் செய்யும் நன்மையும் இல்லை. பாடகர் குழு அங்கியைப் போட்டுக்கொண்டு அவர் இப்படியே இன்னும் 10 வருடம் போனால் அவருடைய ஆத்துமா என்ன ஆகும்?

மன்னிப்பைப் பற்றி எல்லோரும் உங்களிடம் பேசிவிட்டார்கள், ஆகவே நான் நீட்டமாட்டேன். லூக்கா 17:3ஐ மட்டும் பாருங்கள்: "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக." கடிந்துகொள்வது முதலில் வருகிறது. அப்புறம், மன்னிப்பும் வழக்கும் சேர்ந்தே போக முடியும் என்பதை நம் நாட்டிலேயே ஒரு பெண் காட்டியிருக்கிறார். 1999 ஜனவரியில், ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப், 6 வயது திமோத்தேயு இருவரையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. அவர் மனைவி கிளாடிஸ், கொலைகாரர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்திலேயே தங்கி, பல வருடம் பணியைத் தொடர்ந்தார். அவர் மன்னித்துவிட்டார் என்பதற்காக வழக்கு மூடப்படவில்லை. விசாரணை நடந்தது, முதல் குற்றவாளிக்குக் கீழ்க்கோர்ட்டில் மரண தண்டனை, உயர் நீதிமன்றத்தில் அது ஆயுள் தண்டனையாக மாறியது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மன்னிப்பு அவருடைய இருதயத்தின் காரியம், நியாயம் வழங்குவது அரசாங்கத்தின் வேலை. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

ஆள் வைத்து அடிப்பதைப் பற்றிக் கேட்கவில்லை, சொல்லித்தான் இருக்கிறீர்கள். ஆனாலும் பதில் சொல்கிறேன். பழிவாங்குதல் தமக்குரியது என்று கர்த்தர் சொல்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்த வசனம். அதோடு, அப்படிச் செய்தால் மறுநாளே ஊர்முன் அவர் அடிபட்டவர் ஆகிவிடுவார், நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். அக்கா அந்த வீட்டுக்குள் அவரோடு தனியாக இருப்பார். உங்கள்மேல் உள்ள கோபம் யார்மேல் இறங்கும்? அந்த ராத்திரி யோசித்ததை யோசனையோடு விட்டீர்களே, அதற்கு நான் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். திரும்பவும் அந்த நினைப்பு வந்தால், 109ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். பயங்கரமான சங்கீதம், ஆராதனையில் அதிகம் வாசிக்கமாட்டோம். உள்ளே கொதிப்பதை ஆள்மேல் கொட்டாமல் தேவனிடம் கொட்டுவதற்காகவே அந்த மாதிரி ஜெபங்கள் வேதத்தில் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

இனி திருவிருந்து. இந்த 4 மாதமும் நீங்கள் பந்திக்கு வெளியே நின்றீர்கள், அத்தான் உள்ளே முழங்கால் போட்டுக்கொண்டிருந்தார். இது தலைகீழ். நம் சி.எஸ்.ஐ. ஆராதனைக்கு மூலமான மரபுகளில் ஒன்று ஆங்கிலத் திருச்சபை. அதன் 1662ஆம் வருடத்து ஜெபப்புத்தகத்தில், திருவிருந்து முறைமைக்கு முன்னால் குருவானவருக்குச் சில கட்டளைகள் இருக்கின்றன. ஊரறியத் தீய வாழ்க்கை நடத்துகிறவன், அல்லது சொல்லாலோ செயலாலோ அயலானுக்குத் தீங்கு செய்தவன், தான் மனந்திரும்பியதை வெளிப்படையாகக் காட்டி, தீங்கு செய்யப்பட்டவர்களுக்கு ஈடு செய்கிறவரை அவனைப் பந்திக்கு வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். பகை நிலவுகிற இருவரையும் சமாதானம் ஆகும்வரை விலக்கிவைக்கச் சொல்லிவிட்டு, ஒருவர் மனதார மன்னிக்கத் தயாராக இருந்தும் மற்றவர் பிடிவாதமாக இருந்தால், தயாராக இருப்பவரைச் சேர்த்துக்கொள், மற்றவரை விலக்கு என்றும் அங்கே இருக்கிறது. மத்தேயு 5:23ஐ நினைத்துத்தான் நீங்கள் விலகி நிற்கிறீர்கள் என்றால், அதை மெதுவாக வாசியுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது. குறை யாருக்கு, யார்மேல்? உங்கள் அக்காவுக்கு, அத்தான்மேல். பலிபீடத்திலிருந்து எழுந்து போகவேண்டியவர் அவர்.

நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை போங்கள். மனம் சுத்தமான பிறகு போகலாம் என்று காத்திருந்தால் நாம் யாரும் போகமுடியாது. முழங்கால் போடும்போது, "ஆண்டவரே, அவர் அழியவேண்டும் என்று எனக்குள் ஒரு பகுதி ஆசைப்படுகிறது, அதை நீரே எடுத்துப்போடும், அவர் செய்வது நிற்கவேண்டும் என்கிற ஆசையை மட்டும் விட்டுவையும்" என்று சொல்லுங்கள். 139ஆம் சங்கீதக்காரன் "முழுப்பகை" என்றெல்லாம் பேசிவிட்டு, உடனே "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று முடிக்கிறான். அதே வரிசையில் ஜெபியுங்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். தீமையை வெறுக்கிறேன் என்கிறவன் அதை முதலில் தன் வீட்டுக்குள் வெறுக்க வேண்டும். "என் மனைவி என்னிடம் பேசவே யோசிக்கிறாள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் பயம் வந்தது. அக்கா வீட்டிலும் ஒருவேளை இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்: ஒரு பெண் பேசுவதற்கு முன்னால் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொள்ள ஆரம்பிப்பது. நீங்கள் கை ஓங்குகிறவர் என்று நான் சொல்லவில்லை. நீதிமொழிகள் 8:13இல் "தீமையை வெறுப்பதே கர்த்தருக்குப் பயப்படும் பயம்" என்று சொல்லிவிட்டு, வெறுக்கும் பட்டியலில் முதலாவதாகப் பெருமையை வைக்கிறது. "நான் அவனைப் போன்றவன் இல்லை" என்கிற எண்ணம் அதற்கு நல்ல கதவு. இன்றைக்கு ராத்திரியே உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து, 4 மாதமாக என்ன நடக்கிறது என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

இனிச் செய்யவேண்டியது. எதற்கும் முன்னால் அக்காவிடம் தனியாகப் பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். குருவானவர், அத்தான், நீங்கள், இப்போது நான் என்று எல்லோரும் பேசிவிட்டோம். உங்கள் கடிதத்தில் அக்கா சொன்னதாக இருப்பது "வழுக்கி விழுந்தேன்" என்ற ஒரே வாக்கியம். அவர் தயாராவதற்கு முன்னால் நீங்கள் போய் ரகளை செய்தால் அடி அவருக்குத்தான்.

அவர் தயார் என்றால், வழிகள் இருக்கின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் வருடச் சட்டத்தின்கீழ், மாவட்ட சமூக நல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். அதற்கு விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. வீடு அத்தான் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கிற உரிமை அக்காவுக்கு உண்டு. மாஜிஸ்திரேட் கொடுக்கிற பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை. பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். மனைவியைக் கொடுமை செய்கிறவனைத் தண்டிக்கும் பழைய 498ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆவது பிரிவு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் கிடைக்கும். இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் (நேரக்கூடாது என்று ஜெபிக்கிறேன்) டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில் (ஏ.ஆர். காப்பி) "அடித்ததால்" என்று பதிவாவது பிறகு பெரிய ஆதாரம்.

பிரிவதா, சேர்ந்திருப்பதா என்பதை அக்காதான் முடிவு செய்யவேண்டும், நானோ நீங்களோ இல்லை. ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெரியட்டும். 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவ மனைவி கொடுமையை மட்டும் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாமல் இருந்தது. கூடவே விபசாரத்தையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல்தான் அது திருத்தப்பட்டது. 130 வருடத்துக்கு மேல் நம் பெண்களுக்குப் பொறுத்துப்போவதைத் தவிரச் சட்டமும் அதிக வழி கொடுக்கவில்லை. அந்தக் காலத்துப் புத்திமதியைத்தான் சபையில் இன்னும் சிலர் வேதவாக்குபோலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

குருவானவரிடமும் ஒருமுறை போங்கள், தனியாக வேண்டாம், உங்கள் அப்பாவையோ பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு. மல்கியா 2ஐ 13ஆம் வசனத்திலிருந்து அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அத்தான் மனந்திரும்புதலை நடத்தையில் காட்டும்வரை கமிட்டியிலிருந்தும் பாடகர் குழுவிலிருந்தும் விலகியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். குருவானவர் மறுத்தால் அத்தியட்சருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதுங்கள். அந்தியோகியாவில் பேதுருவே தப்பு செய்தபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2இல் இருக்கிறது. ஆனால் இதையும் அக்கா சம்மதித்த பிறகே செய்யுங்கள்.

ஈஸ்டருக்குப் போங்கள், தம்பி. அக்காவுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் போங்கள். நீங்கள் வராமல் நின்றுவிட்டால் அவர்கள் இன்னும் தனிமைப்படுவார்கள், தனிமைதான் அத்தானுக்கு வசதி. உங்கள் மனைவியையும் கூட்டிப்போங்கள், அவர்கள் இருவரும் சமையலறையில் பேசட்டும். அத்தான் கைகுலுக்கக் கை நீட்டினால் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். சிரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, சண்டை மட்டும் வேண்டாம். பெரிய பிள்ளைக்கு உங்கள் போன் நம்பரும் குழந்தைகள் உதவி எண் 1098உம் மனப்பாடமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கிளம்பும்போது அக்காவின் ஆதார், பேங்க் பாஸ்புக், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்கி வந்து உங்கள் வீட்டு அலமாரியில் வையுங்கள். மாற்றுத்துணி ஒரு பையில் இருந்தால் அதையும்.